சுயாதீன இயக்குநர்களை எண்ணினால் என்ன தெரியும்?

கேள்வி இது: வணிகவியலில் பிஎச்.டி. பதிவு செய்திருக்கும் ஒருவர், “நிஃப்டி 50 நிறுவனங்களில் சுயாதீன இயக்குநர்களின் விகிதத்துக்கும் நிறுவன லாபத்துக்கும் உள்ள தொடர்பு” என்று தலைப்பு எடுத்திருக்கிறார். (நிஃப்டி 50 என்பது தேசியப் பங்குச்சந்தையின் ஐம்பது பெரிய நிறுவனங்களின் பட்டியல். சுயாதீன இயக்குநர் என்பவர், நிறுவனத்தோடும் அதை நடத்துபவர்களோடும் பணத் தொடர்பு இல்லாமல், கண்காணிப்பதற்காக இயக்குநர் குழுவில் வைக்கப்படும் வெளியாள்.) பத்தாண்டுத் தரவைத் திரட்டி ரெக்ரஷன் (ஒன்று மாறும்போது மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்று அளக்கும் புள்ளியியல் முறை) போட்டால் போதும் என்று வழிகாட்டி சொல்லிவிட்டாராம். நிறுவன ஆளுகை, நிதி, வணிக அறம் ஆகிய துறைகளில் இதுவரை நடந்த ஆராய்ச்சி இதைப் பற்றி என்ன சொல்கிறது, இந்தத் தலைப்பு தேறுமா என்று கேட்கிறார்.

பட்டம் வாங்கத் தேறும். புதிதாக ஒன்றைச் சொல்லத் தேறாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் பல்கலைக்கழகங்களில் இதே தலைப்பு ஆண்டுக்கு ஆண்டு நிறுவனப் பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டு வந்துகொண்டே இருக்கிறது.

இயக்குநர்களை எண்ணிப் பார்க்கும் ஆய்வு அமெரிக்காவில் எண்பதுகளிலேயே சூடு பிடித்துவிட்டது. சஞ்சய் பகத், பெர்னார்டு பிளாக் இருவரும் 2002இல் வெளியிட்ட கட்டுரை அதற்கு ஏறக்குறைய முற்றுப்புள்ளி வைத்தது. சுயாதீன இயக்குநர்கள் அதிகமாக இருக்கும் நிறுவனங்கள் மற்றவற்றைவிட நன்றாகச் செயல்படுவதாக அவர்களுக்குத் தெரியவில்லை. தடுமாறும் நிறுவனங்கள்தான் வெளியாட்களைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டன; சேர்த்த பிறகும் அவை தேறிவிடவில்லை. அடுத்த ஆண்டே ஹெர்மலின், வைஸ்பாக் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துவிட்டு ஏறத்தாழ அதையே சொன்னார்கள்.

காரணம் எளிது. இயக்குநர் குழு வானத்திலிருந்து விழுவதில்லை. நிறுவனத்தின் நிலைமையைப் பார்த்துத்தான் அமைகிறது. உங்கள் ரெக்ரஷனில் கூட்டல் குறி வந்தால், செழிப்பான நிறுவனம் பெரிய பெயர்களை ஈர்க்கிறது என்று பொருள் கொள்ளலாம். கழித்தல் குறி வந்தால், சிக்கலில் மாட்டிய நிறுவனம் நல்ல பெயருக்காக ஆள் சேர்க்கிறது என்று சொல்லிவிடலாம். எந்தக் குறி வந்தாலும் எது காரணம், எது விளைவு என்பது தெரியாது.

இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் மூன்றில் ஒரு பங்கு இயக்குநர்கள் சுயாதீனமானவர்களாக இருக்க வேண்டும் என்கிறது. தலைவர் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவராகவோ புரமோட்டராகவோ (நிறுவனத்தைத் தொடங்கிக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்) இருந்தால் பாதிப் பேர் என்பது பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதி. ஆகவே நிஃப்டி 50இல் பெரும்பாலானவை அந்தக் கோட்டை ஒட்டியே நிற்கும். மாறாத ஒன்றை வைத்துக்கொண்டு அதன் விளைவை எப்படி அளப்பது? பட்டியலில் இருக்கும் பொதுத்துறை நிறுவனங்களோ தனிக் கதை. அங்கே நியமனம் அமைச்சகத்தின் கையில். இடங்கள் காலியாகக் கிடந்ததற்காகப் பங்குச்சந்தைகள் அந்த நிறுவனங்களுக்கு அபராதம் விதித்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். அவற்றையும் தனியார் நிறுவனங்களையும் ஒரே பட்டியலில் போட்டால் சமன்பாடு என்ன சொல்லும் என்று எனக்குப் புரியவில்லை.

எண்ணிக்கை முற்றிலும் வீண் என்று சொல்லவும் மாட்டேன். வெளி இயக்குநர்கள் பெரும்பான்மையாக உள்ள குழுக்களில், நிறுவனம் சரியும்போது தலைமை அதிகாரி பதவி இழக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று வைஸ்பாக் 1988இலேயே காட்டியிருக்கிறார். அதாவது அவர்களால் லாபத்தைக் கூட்ட முடிவதில்லை, ஆளை வெளியேற்ற முடிகிறது. ஆனால் இது தொழில்முறை மேலாளர்கள் நடத்தும் அமெரிக்க நிறுவனங்களுக்குப் பொருந்தும். புரமோட்டரை யார் வெளியேற்றுவது?

இனி ஹைதராபாத் மென்பொருள் நிறுவனமான சத்யத்தின் கணக்கு மோசடி விவகாரத்துக்கு வருவோம். இந்தத் துறையில் ஆய்வு செய்ய நினைக்கும் எவரும் அதை வரி வரியாகப் படிக்க வேண்டும்.

2008 டிசம்பரில் சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸின் இயக்குநர் குழுவில் ஒன்பது பேர். அவர்களில் ஐவர் சுயாதீன இயக்குநர்கள்: மத்திய அரசின் முன்னாள் அமைச்சரவைச் செயலர், டெல்லி ஐஐடியின் முன்னாள் இயக்குநர், ஹைதராபாத் இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸின் டீன், பென்டியம் சிப்பை உருவாக்கியதில் முக்கியப் பங்காற்றிய வினோத் தாம், மேலாண்மைக் கல்வியாளர் ஒருவர். இவர்களைத் தவிர, நிர்வாகப் பொறுப்பில்லாத இயக்குநராக ஹார்வர்டு வணிகப் பள்ளியின் கிருஷ்ண பாலேபு இருந்தார். நிறுவன ஆளுகையே அவருடைய துறை. கணக்கு மோசடியால் கவிழ்ந்த அமெரிக்க நிறுவனமான என்ரானின் வீழ்ச்சியைப் பற்றி 2003இல் பால் ஹீலியுடன் சேர்ந்து கட்டுரை எழுதியவரும் அவர்தான். சிறந்த நிறுவன ஆளுகைக்கான கோல்டன் பீகாக் விருதும் அதே 2008இல்தான் சத்யத்துக்குக் கிடைத்தது.

டிசம்பர் 16 அன்று அந்தக் குழு கூடியது. புரமோட்டரான ராமலிங்க ராஜுவின் குடும்பத்துக்குச் சொந்தமான மேடாஸ் நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்க ஒப்புதல் அளித்தது. ஒன்று ரியல் எஸ்டேட், மற்றொன்று கட்டுமானம். மென்பொருள் நிறுவனத்துக்கு நிலம் எதற்கு என்று முதலீட்டாளர்கள் கொதித்தெழுந்தார்கள். நியூயார்க்கில் சத்யத்தின் பங்கு ஒரே நாளில் பாதிக்கு மேல் சரிந்தது. சில மணி நேரத்திலேயே முடிவு கைவிடப்பட்டது. குழு தடுக்காததைச் சந்தை தடுத்தது.

2009 ஜனவரி 7இல் ராஜு எழுதிய கடிதம் வந்தது. செப்டம்பர் இறுதி நிலவரப்படி கணக்கில் காட்டிய ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி இல்லவே இல்லை. நூறு ரூபாய் என்று எழுதி வைத்த இடத்தில் ஆறு ரூபாய்தான் இருந்தது. அந்தக் காலாண்டில் 24 சதவீதம் என்று காட்டிய லாப வரம்பு உண்மையில் 3 சதவீதம். புலியின் மேல் சவாரி செய்வதுபோல இருந்தது, அதற்கு இரையாகாமல் எப்படி இறங்குவது என்று தெரியவில்லை என்று அவர் எழுதினார். கணக்கிலிருந்த கற்பனைச் சொத்துக்கு ஈடாக உண்மைச் சொத்தைக் கொண்டுவந்து வைக்கும் கடைசி முயற்சிதான் மேடாஸ் பேரம் என்பதும் அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2015 ஏப்ரலில் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் தண்டித்த பத்துப் பேரில் அந்தச் சுயாதீன இயக்குநர்களில் ஒருவரும் இல்லை. அவர்கள் மோசடிக்காரர்கள் அல்லர். முன்னால் வைத்த தாள்களைப் படித்தவர்கள். தாளே பொய் என்றால் படித்தவர் எவ்வளவு பெரியவராக இருந்து என்ன பயன்? என்ரானிலும் இதே கதைதான். அங்கே தணிக்கைக் குழுவுக்குத் தலைமை வகித்த ராபர்ட் ஜெடிக்கே ஸ்டான்ஃபோர்டில் கணக்கியல் பேராசிரியராகவும் வணிகப் பள்ளியின் டீனாகவும் இருந்தவர்.

இப்போது உங்கள் ஆய்வில் 2008ஆம் ஆண்டின் சத்யம் ஒரு வரிசையாக வந்தால் என்ன ஆகும்? சுயாதீன இயக்குநர் விகிதம்: விதிக்கு மேல். லாப விகிதம்: அபாரம். உங்கள் கருதுகோளை மெய்ப்பிக்கும் மிகச் சிறந்த தரவுப் புள்ளியாக அது உட்கார்ந்திருக்கும்.

எங்கே கோளாறு? சுயாதீன இயக்குநர் பங்குதாரரைக் காப்பார் என்ற கோட்பாடு வேறு மண்ணில் விளைந்தது. பெர்லி, மீன்ஸ் இருவரும் 1932இல் அமெரிக்காவைப் பார்த்து எழுதினார்கள்: பங்குகள் லட்சக்கணக்கானோரிடம் சிதறிக் கிடக்கின்றன, அதிகாரம் மேலாளர்களிடம் இருக்கிறது. ஜென்சன், மெக்லிங் 1976இல் அதைக் கணித வடிவில் கொடுத்தார்கள்: பிறர் பணத்தை நிர்வகிப்பவர் அதைத் தன் பணம்போலப் பார்க்க மாட்டார், அதனால் உரிமையாளருக்கு ஒரு செலவு உண்டு. சுயாதீன இயக்குநர் என்ற மருந்து அந்த நோய்க்கானது. 1999இல் லா போர்ட்டா, லோபஸ் டி சிலானெஸ், ஷ்லைஃபர் மூவரும் 27 நாடுகளின் பெரிய நிறுவனங்களை ஆராய்ந்து, சில நாடுகளைத் தவிர மற்ற இடங்களில் நிறுவனங்கள் பெரும்பாலும் குடும்பங்களின் அல்லது அரசின் கட்டுப்பாட்டிலேயே இருக்கின்றன என்று காட்டினார்கள். நம் நிலைமையும் அதுதான். இங்கே மோதல் மேலாளருக்கும் பங்குதாரருக்கும் இடையில் இல்லை. புரமோட்டருக்கும் சிறு பங்குதாரருக்கும் இடையில். சிறு பங்குதாரரைக் காக்க வேண்டிய இயக்குநரைத் தேர்ந்தெடுப்பதோ பெரும்பாலும் புரமோட்டரின் வாக்கு.

இந்தியாவை வைத்து நடந்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது பெர்ட்ரண்ட், பரஸ் மேத்தா, செந்தில் முல்லைநாதன் மூவரும் 2002இல் வெளியிட்டது. முல்லைநாதன் தமிழ்நாட்டில் பிறந்தவர் என்பது கூடுதல் தகவல். அவர்களுடைய உத்தி அழகானது. ஒரு துறைக்கு நல்ல காலம் வந்து, அதிலுள்ள தனி நிறுவனம் நூறு ரூபாய் கூடுதலாக ஈட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே துறையில், ஒரு குடும்பம் நடத்தும் பல நிறுவனங்களின் குழுமத்தில் அந்தக் குடும்பத்துக்குக் குறைந்த பங்கு மட்டும் உள்ள நிறுவனமும் நூறு ரூபாய் காட்ட வேண்டும் அல்லவா? அது குறைவாகக் காட்டுகிறது. அதே நேரத்தில், குடும்பத்துக்கு அதிகப் பங்குள்ள வேறொரு குழும நிறுவனம், அந்தத் துறைக்கே சம்பந்தமில்லாதது, லாபத்தில் ஏறுகிறது. ஏற்றம் எங்கே தெரிகிறது என்று பார்த்தால் தொழில் லாபத்தில் இல்லை, இதர வரவு செலவுகளில். பணம் உள்வழியாக, குடும்பத்துக்கு அதிகப் பங்குள்ள நிறுவனத்துக்குக் கடத்தப்படுகிறது என்று முடிவுக்கு வந்தார்கள். யாருடைய கணக்குப் புத்தகத்தையும் திறக்காமல், வெளியிடப்பட்ட எண்களை வைத்தே செய்த வேலை இது.

அதோடு அந்தப் பேச்சு முடியவில்லை. சீகல், சௌத்ரி இருவரும் 2012இல் அந்தக் கேள்வியைப் புதிய தரவுகளோடு மறுபடி எடுத்தார்கள். குழும நிறுவனங்களும் தனி நிறுவனங்களும் தொழில் நடத்தும் முறையிலேயே வேறுபடுகின்றன. அதைக் கணக்கில் எடுத்தால் கடத்தலுக்கான சான்று கரைந்துவிடுகிறது என்றார்கள். உங்கள் இலக்கிய மீளாய்வில் முதல் கட்டுரையை மட்டும் மேற்கோள் காட்டிவிட்டுப் போனால் தேர்வாளர் பிடித்துக்கொள்வார். என் கருத்தைக் கேட்டால், எல்லாக் குழுமங்களும் பணம் கடத்துகின்றன என்ற முடிவு மிகை. கடத்த நினைப்பவருக்கு எந்தத் திசையில் லாபம் என்று பெர்ட்ரண்ட் குழுவினர் வகுத்த தர்க்கம் சரி. சத்யத்தில் புரமோட்டரின் பங்கு 2008இல் பத்து சதவீதத்துக்கும் கீழே. மேடாஸிலோ குடும்பத்தின் பங்கு அதைவிடப் பல மடங்கு. பேரம் எந்தத் திசையில் போனது என்று பாருங்கள். போக வேண்டிய பணம் கையில் இல்லாமல் போனது வேறு விஷயம்.

வணிக அறம் என்றதும் மனச்சாட்சி, விழுமியம், பயிற்சி வகுப்பு என்று பேச்சு போய்விடுகிறது. அதைவிடப் பயனுள்ள கேள்வி: கண்காணிப்பவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? இதற்குக் கிடைத்த மிகத் தெளிவான விடை குஜராத்திலிருந்து வந்தது. ஆலைகள் வெளியாட்களைக் கொண்டு சுற்றுச்சூழல் தணிக்கை செய்துகொள்ளும் ஏற்பாடு அங்கே 1996லிருந்து உண்டு. தணிக்கையாளரை ஆலையே தேர்ந்தெடுக்கும், ஆலையே கட்டணமும் கொடுக்கும். புகையில் கலந்துள்ள தூசுக்கு ஒரு கன மீட்டருக்கு 150 மில்லிகிராம் என்பது வரம்பு. எஸ்தர் டுஃப்லோ, கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன் நால்வரும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துடன் சேர்ந்து அந்த அறிக்கைகளைப் பார்த்தபோது, அளவுகள் 150க்குக் கொஞ்சம் கீழே வந்து குவிந்து கிடந்தன. ஆலைகளில் 7 சதவீதம்தான் வரம்பு மீறுவதாக அறிக்கைகள் சொல்லின. மறு அளவீட்டில் அது 59 சதவீதம்.

பிறகு அவர்கள் ஒரு பகுதி ஆலைகளுக்கு ஏற்பாட்டை மாற்றினார்கள். தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். கட்டணம் பொது நிதியிலிருந்து, ஒரே அளவாக. சில ஆலைகளில் வேறொருவர் போய் மறுபடி அளந்து பார்ப்பார். அறிக்கைகள் உண்மையை ஒட்டி வரத் தொடங்கின; ஆலைகளும் மாசைக் குறைத்தன. கவனிக்க வேண்டியது இதுதான்: இரண்டு ஏற்பாட்டிலும் வேலை பார்த்த தணிக்கையாளர்கள் இருந்தார்கள். ஒரே ஆள், புதிய ஏற்பாட்டில் உண்மையை எழுதினார், பழைய ஏற்பாட்டில் பழையபடியே எழுதினார். அவருக்கு எந்த அற வகுப்பும் யாரும் எடுக்கவில்லை.

சத்யத்தின் தணிக்கையை இதோடு பொருத்திப் பாருங்கள். வங்கியில் இவ்வளவு இருப்பு இருக்கிறது என்ற உறுதிக் கடிதத்தைத் தணிக்கையாளர் வங்கியிடம் நேரடியாகக் கேட்டு வாங்க வேண்டும். அந்த வேலையைத் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளத் தணிக்கையாளர்கள் தவறிவிட்டார்கள் என்று அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 2011இல் குறிப்பிட்டது. கணக்கியல் முதலாமாண்டுப் பாடத்தில் வரும் விஷயம் இது.

சுயாதீனம் என்பதற்கும் இதே சோதனையை வைக்கலாம். ஹ்வாங், கிம் இருவரும் 2009இல் அமெரிக்காவின் நூறு பெரிய நிறுவனங்களைப் பார்த்தார்கள். வழக்கமான வரையறைப்படி 87 சதவீத இயக்குநர் குழுக்கள் சுயாதீனமானவை. தலைமை அதிகாரியோடு ஒரே கல்லூரி, ஒரே வட்டாரம், ராணுவச் சேவை போன்ற சமூக உறவுகளையும் கணக்கில் எடுத்ததும் அது 62 சதவீதமாகச் சுருங்கியது. நம் ஊரில் சாதி, சம்பந்தி உறவு, ஒரே சங்கம், ஒரே கோயில் அறக்கட்டளை எல்லாவற்றையும் சேர்த்தால் எவ்வளவு மிஞ்சும் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன். அகர்வால், சாதா 2005இல் கண்டது இன்னும் நேரடியானது: குழுவும் தணிக்கைக் குழுவும் எவ்வளவு சுயாதீனமானவை என்பதற்கும் கணக்கைத் திருத்தி வெளியிட நேர்வதற்கும் தொடர்பில்லை, நிதி அறிவுள்ள சுயாதீன இயக்குநர் ஒருவர் இருந்தால் அந்த வாய்ப்பு குறைகிறது, தலைமை அதிகாரி நிறுவனரின் குடும்பத்தவர் என்றால் கூடுகிறது.

அமெரிக்காவின் 216 மோசடி வழக்குகளை ஆராய்ந்த டைக், மோர்ஸ், ஜிங்கேல்ஸ் மூவரும் 2010இல் கேட்ட கேள்வி, மோசடியை முதலில் வெளியே கொண்டுவந்தவர் யார் என்பது. ஊழியர்களும் பத்திரிகையாளர்களும் முன்னால் நிற்கிறார்கள். தணிக்கையாளர்களும் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பும் அவர்களுக்குப் பின்னால்தான்.

சட்டம் போட்டால் மாறுமா என்று அடுத்து கேட்பீர்கள். செபி அமைத்த குமாரமங்கலம் பிர்லா குழுவின் பரிந்துரைகளை ஒட்டி, சுயாதீன இயக்குநர்களைக் கட்டாயமாக்கிப் பங்குச்சந்தைப் பட்டியல் ஒப்பந்தத்தில் வந்த 49ஆம் உட்பிரிவைப் பற்றி 1999 மே மாதம் அறிவிப்பு வந்தபோது, முதலில் அதன் கீழ் வரவிருந்த பெரிய நிறுவனங்களின் பங்கு விலை சிறிய நிறுவனங்களைவிட ஏறத்தாழ 4 சதவீதம் உயர்ந்தது என்று பிளாக், விக்ரமாதித்ய கன்னா காட்டினார்கள். பிறகு தம்மிக தர்மபாலவும் கன்னாவும், 2004இல் அந்த விதியை மீறினால் கடும் தண்டனை என்று சட்டத் திருத்தம் வந்ததைத் தனியே எடுத்து ஆராய்ந்தார்கள். அபராதம் 25 கோடி ரூபாய் வரை போகலாம். நிறுவன மதிப்பில் பத்து சதவீதத்துக்கு மேல் உயர்வு என்பது அவர்கள் மதிப்பீடு. இந்த அளவை நான் அப்படியே ஏற்கத் தயங்குவேன், ஏனென்றால் சத்யமும் அதே விதியின் கீழ்தான் இருந்தது. ஆனால் பல் இல்லாத விதியைவிடப் பல் உள்ள விதியைச் சந்தை மதிக்கிறது என்ற திசை நம்பத் தகுந்தது.

அறத்தைச் சட்டமாக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு ஒரு பாடம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வரவோ சொத்தோ உள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. ஏற்கெனவே 2 சதவீதத்துக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்த பெரிய நிறுவனங்கள் சட்டம் வந்த பிறகு தங்கள் செலவைக் குறைத்துக்கொண்டன என்று தர்மபாலவும் கன்னாவும் பின்னாளில் காட்டினார்கள். குறைந்தபட்சம் என்று அரசு நினைத்தது, போதும் என்று நிறுவனங்கள் படித்தன.

இந்த ஆய்வுலகமே அப்பழுக்கற்றது என்று நினைத்துவிடாதீர்கள். படிவத்தின் அடியில் கையெழுத்து வாங்குவதற்குப் பதிலாக மேலே வாங்கினால் மக்கள் நேர்மையாக நிரப்புவார்கள் என்று 2012இல் புகழ்பெற்ற கட்டுரை ஒன்று வந்தது. கார் காப்பீட்டு நிறுவனத்தின் தரவும் அதற்கு ஆதாரம். வணிக அற வகுப்புகளில் தவறாமல் இடம்பெற்றது. அந்தத் தரவே இட்டுக்கட்டியது என்று தெரியவந்து 2021இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நேர்மையைப் பற்றிய ஆய்வுக்கு வந்த கதி இது. எனவே எந்த முடிவையும் மேற்கோள் காட்டும் முன் அது இன்னும் நிற்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சரி, உங்கள் தலைப்பை என்ன செய்வது? லாபத்தைத் தூக்கிப் போடுங்கள். லாபத்தைத் தீர்மானிப்பவை நூறு இருக்கின்றன. இயக்குநர் குழு அவற்றில் கடைசிப் பெட்டி. சுயாதீன இயக்குநர் எதற்காக வைக்கப்பட்டாரோ அங்கே போய்ப் பாருங்கள்.

ஒரு வழி சொல்கிறேன். 2022 ஜனவரி 1 முதல் சுயாதீன இயக்குநரை நியமிக்கச் சிறப்புத் தீர்மானம் வேண்டும் என்று செபி விதித்தது. அதாவது பதிவான வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு (2022 நவம்பரில் செபி இதற்கு ஒரு மாற்றுவழியையும் சேர்த்தது). புரமோட்டரிடம் 70 சதவீதம் பங்குள்ள நிறுவனத்தில் இதனால் பெரிய மாற்றம் இராது. 40 சதவீதம் மட்டும் உள்ள இடத்தில், மியூச்சுவல் ஃபண்டுகளும் காப்பீட்டு நிறுவனங்களும் சேர்ந்தால் ஒருவரைத் தடுத்துவிடலாம். அந்த இரண்டு வகை நிறுவனங்களிலும் 2022க்கு முன்பும் பின்பும் நியமனம் பெற்றவர்கள் யார், எந்தப் பின்னணி, தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனைகள் (புரமோட்டரின் குடும்பம், அவர்களுடைய மற்ற நிறுவனங்கள் போன்றோருடன் நடக்கும் கொடுக்கல் வாங்கல்) அதற்குப் பிறகு கூடினவா குறைந்தனவா என்று ஒப்பிடுங்கள். பரிவர்த்தனை விவரம் ஆண்டறிக்கையின் கணக்குக் குறிப்புகளில் இருக்கிறது. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் புரமோட்டர், நிறுவன முதலீட்டாளர், மற்ற பொதுப் பங்குதாரர் எப்படி வாக்களித்தார்கள் என்பது தனித்தனியாகப் பங்குச்சந்தை இணையதளங்களில் கிடைக்கிறது. செலவில்லை, உழைப்புதான்.

இன்னொன்று, ராஜினாமாக் கடிதங்கள். பதவிக்காலம் முடியும் முன் விலகும் சுயாதீன இயக்குநர் விரிவான காரணத்தையும், வேறு முக்கியக் காரணம் எதுவும் இல்லை என்ற உறுதிமொழியையும் கொடுக்க வேண்டும். நிறுவனம் அதைப் பங்குச்சந்தைக்கு அனுப்ப வேண்டும். பெரும்பாலான கடிதங்களில் சொந்தக் காரணம், வேலைப்பளு என்றுதான் இருக்கும். ஆனால் தேதியைப் பாருங்கள். தணிக்கையாளர் விலகியதற்கு முந்தைய வாரமா, காலாண்டு முடிவுக்கு முந்தைய நாளா, புரமோட்டர் பங்குகளை அடகு வைத்த மாதமா என்று வரிசைப்படுத்தினால் கடிதம் சொல்லாததைத் தேதி சொல்லும். வழிகாட்டியிடம் தலைப்பை மாற்றக் கேட்கும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். இருபது கடிதங்களையாவது இப்படி வரிசைப்படுத்தி ஒரு பக்க அட்டவணையாக எடுத்துக்கொண்டு போங்கள்.